ஹக்கைக் கேட்பது யாசகமா?

வேலையிழந்த ஒரு தொழிலாளி, சட்டம் தமக்கு வகுத்துத் தந்துள்ள உதவித் தொகையைக் கோரி விண்ணப்பம் செய்வது தன்மானத்துக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் வேரூன்றிக் கிடக்கிறது. பல்லாவரத்திலிருந்து குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் வழியாகக் கூடுவாஞ்சேரி வரையில் பெருஞ்சாலையின் இருமருங்கிலும் பரவியுள்ள நம் மஹல்லாக்களில் இவ்வெண்ணத்தை எங்கும் காணலாம். “அல்லாஹ்விடம் கேட்போம், அரசாங்கத்திடம் கையேந்த மாட்டோம்” என்று சொல்லிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு அழகான வாசகம். ஈமானின் உறுதியைக் காட்டுவது போன்ற வாசகம். ஆனால் அதைச் சொன்னவர் வீட்டில் மூன்றாம் மாதம் என்ன நடக்கிறது? மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகிறது. நான்காம் மாதம் குழுக்கடன். ஐந்தாம் மாதம் மைத்துனரிடம் கைமாற்று. ஆறாம் மாதம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஜமாஅத் தலைவரின் வாசலில் நிற்கிறார். கையேந்த மாட்டேன் என்று புறப்பட்டவர் ஊரெல்லாம் கையேந்தி முடிக்கிறார். அவர் கேட்காமல் விட்டது, அவருடைய சொந்தப் பணம் இருந்த ஒரே இடத்தில்தான்!

இந்த எண்ணம் ஷரீஅத்துக்கும் பொருந்தாது, அறிவுக்கும் பொருந்தாது. அதைவிட முக்கியமாக, இது ஏழையின் வீட்டில் பிறந்த எண்ணமாகத் தோன்றினாலும் இதனால் இலாபம் அடைகிறவர்கள் வேறு சிலர். அவர்கள் யார் என்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லவே இக்கட்டுரை.

அந்தப் பணம் யாருடையது?

இ.எஸ்.ஐ. என்று சிறுவர் முதல் பெரியவர் வரை அறிந்த தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அது இப்போது அடங்கியிருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் இதில் சேர வேண்டும். தொழிலாளியின் மாத ஊதிய வரம்பு 21,000 ரூபாய் என்று 2017 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. 2019 ஜூலை முதல் தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாயும், முதலாளியிடமிருந்து நூற்றுக்கு மூன்றேகால் ரூபாயும் நிதியில் சேர்கின்றன. மாதம் 15,000 ரூபாய் ஊதியம் பெறுகிறவருடைய பெயரில், அவர் கூலியிலிருந்து 113 ரூபாயும் முதலாளியின் பங்காக 488 ரூபாயுமாக மாதந்தோறும் ஏறத்தாழ 600 ரூபாய் செலுத்தப்படுகிறது. இரண்டாண்டில் 14,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. இது எவரும் போட்ட பிச்சையன்று. உழைத்த கைகளின் ஊதியத்தைக் கணக்கிட்டுச் சேர்த்த தொகை.

மருந்துக்கும் பிரசவத்துக்கும் விபத்துக்கும் மட்டுமே இ.எஸ்.ஐ. என்று நம்மவர் எண்ணுகின்றனர். வேலையிழப்புக்கும் அதில் இடமுண்டு என்பதை அறிந்தோர் குறைவு. 2005 ஏப்ரல் 1 முதல் ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா என்ற திட்டம் உள்ளது. ஆலை மூடப்பட்டாலும், ஆட்குறைப்புச் செய்யப்பட்டாலும், உடலின் ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்கேனும் நிரந்தரமாகப் போய்விட்டாலும் உரியது அது. 2018 ஜூலை 1 அன்று அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற மற்றொரு திட்டம், இரண்டாண்டுச் சோதனையாகத் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் நாள் ஊதியத்தில் கால் பங்கே கிடைத்தது. கொள்ளைநோய்க் காலத்தில் நாடே அடைக்கப்பட்ட 2020 மார்ச் 24ஆம் நாளிலிருந்து அது அரைப் பங்காயிற்று. வேலை போய் 90 நாள் காத்திருக்க வேண்டும் என்ற விதி 30 நாளாகக் குறைந்தது. விண்ணப்பத்தைப் பழைய முதலாளி வழியாகவே அனுப்ப வேண்டும் என்ற தடையும் நீங்கிற்று. தொழிலாளியே நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அளிக்கலாம். அதே ஆண்டு நவம்பரில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும் என்ற நிபந்தனையும் எடுக்கப்பட்டது. ஆதார் அட்டையின் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் கொண்டு கணினி வழியே விண்ணப்பித்தால், தொகை அவருடைய வங்கிக் கணக்குக்கே வந்து சேரும்.

இரண்டாண்டுக் காலம் ஈட்டுறுதியில் இருந்திருக்க வேண்டும். வேலை போவதற்கு முந்தைய ஆறுமாதக் கட்டணப் பருவத்தில் 78 நாளுக்குக் குறையாமலும், அந்த இரண்டாண்டின் மற்ற மூன்று பருவங்களில் ஏதேனும் ஒன்றில் 78 நாளுக்குக் குறையாமலும் கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்கும், வயது முதிர்ந்தோ தாமே விரும்பியோ ஓய்வு பெற்றவருக்கும் இது இல்லை. அதிகபட்சம் 90 நாள். அதுவும் வாழ்நாளில் ஒரு முறை. மேலே சொன்ன 15,000 ரூபாய்த் தொழிலாளிக்கு ஏறத்தாழ 22,000 ரூபாய் கிடைக்கும். இத்திட்டம் தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்திருப்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள உத்தரவைக் கிளை அலுவலகத்தில் கேட்டறிந்துகொள்வது நலம்.

இதனை வேறொன்றுடன் குழப்பிக்கொள்வோரும் உண்டு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்தாண்டுகள் காத்திருக்கும் இளைஞர்களுக்கு, படிப்புக்கேற்ப மாதம் 200 ரூபாய் முதல் 600 ரூபாய் வரை மூன்றாண்டுக் காலம் தமிழக அரசு தருகின்ற தொகை வேறு. 2006இல் தொடங்கிய அத்திட்டம் வேலை கிடைக்காதவர்க்கு உரியது. நாம் பேசுவது வேலை கிடைத்து, உழைத்து, கட்டணம் கட்டி, பின்னர் அதனை இழந்தவருடைய உரிமையைப் பற்றி.

யாசகம் எது, உரிமை எது?

“கேட்பது இழிவு என்று மார்க்கம் சொல்லவில்லையா?” என்பது முதல் ஆட்சேபம். சொல்கிறது. ஆனால் எதைக் கேட்பது இழிவு? பிறருடைய பொருளைத் தேவையின்றிக் கேட்பது இழிவு. கடன் கொடுத்தவர் கடனைத் திருப்பிக் கேட்பது யாசகமா? அனந்தரச் சொத்தில் பங்கு கேட்கும் சகோதரி பிச்சைக்காரியா? மஹர் பாக்கியைக் கேட்கும் மனைவி மானமிழந்தவளா? (நம் சமுதாயத்தில் சிலர் அப்படித்தான் எண்ணுகிறார்கள், அது தனிக் கட்டுரைக்குரிய அவலம்.) ஹக் வேறு, ஸதகா வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டால், உரிமையுள்ளவன் குனிந்து நிற்பான். கொடுக்கக் கடமைப்பட்டவன் வள்ளலாகிவிடுவான்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜகாத்தின் பாடத்தில் கபீஸா இப்னு முகாரிக் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை மத்ரஸாவின் மாணவர் யாவரும் ஓதியிருப்பர். பிறர் பொருளைக் கேட்பதற்கே மூவருக்கு அனுமதி உண்டு என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் எடுத்துரைக்கின்றார்கள். சமாதானத்துக்காகப் பிறரது பொறுப்பை ஏற்றுக் கடன்பட்டவர் ஒருவர். பேரிடரால் வாழ்வாதாரம் அழிந்தவர் மற்றொருவர். வறுமை தாக்கியதென்று அவருடைய சமூகத்தின் அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்லக்கூடியவர் மூன்றாமவர். தாமே காலூன்றி நிற்கும் அளவு வரை கேட்கலாம் என்பது அதன் எல்லை.

இரண்டாமவரைக் கவனியுங்கள். அந்தப் பேரிடரை அரபியில் ‘ஜாயிஹா’ என்பர். விளைச்சலை அழிக்கும் வெள்ளமும் வெட்டுக்கிளியும் அக்காலத்து ஜாயிஹா. நம் பகுதியில் அது வேறு உருவத்தில் வருகிறது. பெருங்களத்தூரை ஒட்டியிருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலை 1988இல் கார் தயாரிப்பை நிறுத்தியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி ஆயிரக்கணக்கான இளைஞர்களையும் இளம்பெண்களையும் பேருந்துகளில் ஏற்றிச் சென்ற நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை, இந்தியாவில் கார் உற்பத்தியைக் கைவிடுவதாக 2021 செப்டம்பர் 9 அன்று அறிவித்து, மறு ஆண்டு ஜூலையில் கடைசிக் காரை வெளியேற்றியது. ஏற்றுமதிக்காக மீண்டும் திறப்போம் என்று 2024இல் அந்நிறுவனம் சொன்னது உண்மைதான். இடைப்பட்ட ஆண்டுகளில் அடுப்பெரியாத வீடுகளுக்கு அந்த அறிவிப்பு என்ன பதில் சொல்லும்? ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்குப் பேச்சுவார்த்தையில் ஓர் ஈட்டுத் தொகை வரும். அவ்வாலைக்கு உதிரிப் பாகம் செய்த சிறு பட்டறையிலும், அதன் சமையற்கூடத்திலும், ஒப்பந்தக்காரரிடத்திலும் இருந்தவனுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? தோல் பதனிட்டதாலேயே குரோம்பேட்டை என்று பெயர் பெற்ற ஊரில் வாழும் நமக்கு, ஒரு தொழில் எழுவதும் விழுவதும் புதிய காட்சியா?

இவற்றில் எதுவும் தொழிலாளியின் சோம்பலால் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எடுத்த முடிவு, முடிச்சூரில் ஒரு வீட்டின் அடுப்பை அணைத்துவிடுகிறது. ஜாயிஹாவுக்கு ஆளானவர் பிறர் பொருளைக் கேட்பதற்கே நபியவர்கள் இடம் தந்திருக்க, தம் கூலியிலிருந்து சேர்ந்த தொகையைக் கேட்பது எப்படி இழிவாகும்?

இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கிதாபுல் கராஜில் வரும் வரலாறும் நாம் அறிந்ததே. பிச்சையெடுத்து நின்ற பார்வையிழந்த யூத முதியவர் ஒருவரை ஹலரத் உமர் (ரலி) அவர்கள் கண்டார்கள். அவரைப் பழிக்கவில்லை, உபதேசம் செய்து அனுப்பிவிடவுமில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்று இயன்றதைக் கொடுத்துவிட்டு, அவருக்கும் அவரையொத்தவர்க்கும் வழி செய்யுமாறு பைத்துல்மால் பொறுப்பாளருக்குக் கட்டளையிட்டார்கள். யாசகரை ஹக்குடையவராக உயர்த்திய அமீருல் முஃமினீனின் வழி அது. நாமோ ஹக்குடையவனை யாசகனாக இறக்கிக்கொண்டிருக்கிறோம்.

தவக்குலின் பெயரால்

“ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், படிவம் நிரப்பியா ரிஸ்க் வரும்?” என்பது இரண்டாவது ஆட்சேபம். ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று இவர்களுக்காகவே வந்தது போலிருக்கிறது. யமன் நாட்டினர் சிலர் ஹஜ்ஜுக்குக் கட்டுச்சோறின்றிப் புறப்படுவர். தாங்கள் தவக்குல் உடையவர்கள் என்று சொல்லிக்கொள்வர். மக்காவுக்கு வந்து சேர்ந்ததும் மக்களிடம் கேட்டு நிற்பர். கட்டுச்சோற்றைத் தேடிக்கொள்ளுமாறு பணிக்கும் இறைவசனம் அதையொட்டியே அருளப்பெற்றது.

இதில் உள்ள நுட்பத்தைச் சிந்திக்க வேண்டும். தமக்கென உள்ள வழியை எடுத்துக்கொள்ளாதவர், முடிவில் பிறருடைய உணவைக் குறைக்கிறார். அதற்குத் தவக்குல் என்று பெயரில்லை. தம் பாரத்தை அண்டை வீட்டான் தலையில் இறக்கி வைப்பதற்கு எந்த இமாமும் தவக்குல் என்று பெயரிட்டதில்லை.

ஈட்டுறுதி ஹராமா?

மூன்றாவது ஆட்சேபம் சற்றே படித்தவர்களிடமிருந்து வருகிறது. “இன்ஷூரன்ஸ் கூடாது என்று உலமாக்கள் சொல்லியிருக்கிறார்களே?” என்பர். இதனை மதித்தே பதில் சொல்ல வேண்டும். வணிக ஈட்டுறுதியில் ஃகரர் என்னும் நிச்சயமின்மையும், வட்டியின் கலப்பும் உண்டென்பதால் ஃபுகஹாக்கள் அதனைத் தடுத்தனர். டமாஸ்கஸின் ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், கப்பல் சரக்குக்கு வியாபாரிகள் கட்டிய ‘சவ்கரா’ என்னும் தொகையைப் பற்றி சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ரத்துல் முஹ்தாரில் ஆராய்ந்து, இழப்பீடு வாங்குவது ஆகாது என்று கூறியுள்ளார்கள்.

ஆனால் வணிகர் இலாபத்துக்காக நடத்தும் ஈட்டுறுதியும், பலர் கூடி ஒருவர் துயரைப் பகிர்ந்துகொள்ளும் ஈட்டுறுதியும் ஒன்றல்ல. 1965இல் கெய்ரோவில் கூடிய அல்அஸ்ஹரின் இஸ்லாமிய ஆய்வு மன்றத்தின் இரண்டாம் மாநாடு, கூட்டுறவு ஈட்டுறுதியையும், அரசுகள் நடத்தும் ஓய்வூதியத்தையும், சமூக ஈட்டுறுதியையும் ஆகுமானவை என்று தீர்மானித்தது. 1985இல் ஜித்தாவின் ஃபிக்ஹ் மன்றம் வணிக ஈட்டுறுதியை விலக்கி, கூட்டுறவு ஈட்டுறுதியை ஏற்றது. ஒருவன் தவறுதலாகச் செய்த கொலைக்கான தியத்தை அவனுடைய உறவினர் அனைவரும் பகிர்ந்து சுமக்கும் ‘ஆகிலா’ முறை ஃபிக்ஹில் உள்ளது. சுமையைப் பகிர்வதில் அதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமையை அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இ.எஸ்.ஐ.யில் பங்குதாரர் இல்லை. இலாபம் பிரிப்போர் இல்லை. ஊதியம் பெறும்போதே சட்டத்தின்படி பிடிக்கப்படுவதால் தொழிலாளிக்கு அதில் தேர்வுமில்லை. பிடிக்கும்போது வாய்மூடி இருந்துவிட்டு, திரும்பி வரும்போது மட்டும் ஃபத்வா தேடுவது என்ன நியாயம்?

இன்னொன்றையும் கேட்கிறேன். இவ்வளவு பேணுதல் உள்ளவர், வேலை போன மூன்றாம் மாதத்தில் நகையை வைத்து வட்டிக்குக் கடன் வாங்குகிறாரே, அப்போது அந்தப் பேணுதல் எங்கே போயிற்று? சந்தேகமானதென்று ஒன்றை விட்டு ஓடி, சந்தேகத்துக்கே இடமில்லாத ரிபாவில் விழுவது எந்த மத்ஹபின் தக்வா?

நம் பிள்ளைகள் வாழும் வளைகுடாவைப் பாருங்கள். பஹ்ரைன் 2006ஆம் ஆண்டிலேயே வேலையிழப்பு ஈட்டுறுதிக்குச் சட்டம் இயற்றியது. சவூதி அரேபியா தன் குடிமக்களுக்கு ‘ஸானித்’ என்ற திட்டத்தை 2014இல் கொண்டுவந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல், அங்கு பணியாற்றும் வெளிநாட்டவரும் இதில் சேர்வது கட்டாயம். அடிப்படை ஊதியம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். பன்னிரண்டு மாதம் கட்டியபின் வேலை போனால், அடிப்படை ஊதியத்தில் நூற்றுக்கு அறுபது வீதம் மூன்று மாதம் வரை பெறலாம். வேலை போன 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துபாயில் வேலை போன மகன் அந்தத் தொகையைப் பெற்றால், ‘அல்ஹம்துலில்லாஹ், நல்ல சட்டம்’ என்று தாம்பரத்தில் தந்தை மகிழ்கிறார். சானடோரியத்தின் ஏற்றுமதி வளாகத்தில் வேலை போன இளைய மகன் இ.எஸ்.ஐ.யில் விண்ணப்பித்தால், ‘மானம் போயிற்று’ என்கிறார். திர்ஹத்தில் வந்தால் உரிமை, ரூபாயில் வந்தால் பிச்சையா?

இலாபம் யாருக்கு?

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். தொழிலாளி கேட்காதிருப்பதால் நிம்மதி அடைபவர் யார்? பதினைந்து பேரை வைத்து வேலை வாங்கிக்கொண்டு, பதிவேட்டில் எட்டுப் பேரை மட்டும் காட்டும் முதலாளி. கூலியில் பிடித்தம் செய்துவிட்டு நிதியில் கட்டாத முதலாளி. அத்தகையோர் எல்லாச் சமூகங்களிலும் உண்டு; நம்மிலும் உண்டு. நேர்மையாகப் பதிந்து, நாள் தவறாமல் கட்டுகிறவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு அல்லாஹ் பரக்கத்தை அதிகமாக்குவானாக! நான் பேசுவது முன்னவர்களைப் பற்றி.

தோல் பட்டறையிலும், செருப்புத் தைக்கும் கூடத்திலும், துணிக்கடையிலும், உணவு விடுதியிலும் நம்மவரிடம் நம்மவரே வேலை செய்கின்றனர். ரமளான் வந்ததும் முதலாளி ஒரு மூட்டை அரிசியும், துணியும், கவரில் ஆயிரம் ரூபாயும் கொடுக்கிறார். தொழிலாளி கண்கலங்கி துஆச் செய்கிறார். ஆனால் அந்தத் தொழிலாளியின் பெயரில் ஆண்டு முழுவதும் கட்ட வேண்டியிருந்த மூன்றேகால் வீதம் என்னவாயிற்று? 15,000 ரூபாய் ஊதியத்துக்கு அது ஆண்டில் 5,800 ரூபாய்க்கு மேல். ஐயாயிரத்தை மறைத்துக்கொண்டு ஆயிரத்தை தர்மம் செய்கிறவர் வள்ளல் அல்லர், கடன்காரர். தொழிலாளிக்கு வேலை போன நாளில்தான் அவர் மறைத்ததன் முழு விலை வெளிப்படுகிறது. பெயர் பதியாததால் விண்ணப்பிக்க வழியில்லை. அரைக் கூலியும் இல்லை.

கூலியாளிடம் வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவனுக்கு மறுமையில் தானே எதிர்வாதியாக இருப்பதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸி புகாரியில் உள்ளது. இ.எஸ்.ஐ. கட்டணம் கூலியின் ஒரு பகுதி இல்லையா? உலகச் சட்டமும் இதில் ஷரீஅத்தின் மொழியிலேயே பேசுகிறது. தொழிலாளியிடம் பிடித்த ஈட்டுறுதிக் கட்டணத்தைச் செலுத்தாத முதலாளியை, ஒப்படைத்த பொருளை மோசடி செய்தவனாகவே கருத வேண்டும் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவின் விளக்கம் சொல்லிற்று. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. நம் மொழியில் சொன்னால், அது அமானத்தில் கியானத்! நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கணக்கைத் துல்லியமாகப் பார்க்கும் கை, இந்தக் கணக்கில் ஏன் நடுங்குவதில்லை?

மற்றொரு தந்திரமும் உண்டு. வேலையிலிருந்து நிறுத்தும் நாளில், “சொந்தக் காரணத்தால் நானே விலகுகிறேன்” என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். கையெழுத்திட்டால்தான் பாக்கிச் சம்பளம் என்கிறார்கள். அந்த ஒரு தாளின் விளைவு என்ன? ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தர வேண்டும்; பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும் என்பது 1947ஆம் ஆண்டுத் தொழிற் தகராறு சட்டத்திலிருந்தே வரும் விதி. இப்போது அதன் இடத்தில் உள்ள தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அதனை வைத்திருப்பதோடு, ஆட்குறைப்புக்கு ஆளானவருக்கு மறுபயிற்சி நிதியிலிருந்து மேலும் 15 நாள் ஊதியம் சேர வழிசெய்கிறது. தானே விலகியவருக்கு இவை எதுவும் இல்லை, இ.எஸ்.ஐ. உதவியிலும் அந்தத் தாள் குறுக்கே வந்து நிற்கும். எனவே இளைஞர்களே, வாசிக்காத தாளில் கையெழுத்திடாதீர்கள்! நீக்கினால் ‘நீக்கினேன்’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். உடன்படிக்கையை எழுதிக்கொள்ளவும், சாட்சி வைத்துக்கொள்ளவும் குர்ஆனின் மிக நீண்ட வசனம் நமக்குக் கற்றுக்கொடுத்திருக்க, பொய்ச் சாட்சியத்தில் நாமே கையொப்பமிடலாமா?

ஜமாஅத்துகள் என்ன செய்கின்றன?

ஊரடங்குக் காலத்தில் நம் பள்ளிவாசல்கள் ஆற்றிய தொண்டை எவரும் மறுப்பதற்கில்லை. அரிசியும் பருப்பும் சாதி சமய வேறுபாடின்றி வீடுதோறும் சென்றன. ஆனால் அரிசி மூட்டை பத்து நாளில் தீர்ந்துவிடும். அந்த மூட்டையை வாங்கிய வரிசையில் நின்றவர்களுள் எத்தனை பேர் இ.எஸ்.ஐ. எண் உடையவர்கள் என்று அப்போது எவரேனும் கேட்டதுண்டா? மூட்டை கொடுப்பதைப் படம் எடுக்க ஆள் இருந்தது. விண்ணப்பம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி தெரிந்த இரண்டு இளைஞர்கள் இருக்கின்றனர். ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளிவாசலின் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு அமரட்டும். வேலையிலிருப்பவர் ஒவ்வொருவரும் தம் ஈட்டுறுதி எண்ணைக் கொண்டுவந்து, கட்டணம் மாதந்தோறும் சேர்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே எழுத்துகளில் இருக்கிறதா என்று சரிபார்க்கட்டும். நம் பெயர்கள் ஒன்றில் முஹம்மது, மற்றொன்றில் முகமது, வேறொன்றில் மொஹமத் என்று மூன்று விதமாக இருப்பதே பல விண்ணப்பங்களுக்கு இடையூறு. வேலை போனவருக்கு முப்பதாம் நாளில் நினைவூட்டி, விண்ணப்பத்தைப் பதிந்து கொடுக்கட்டும். சுற்றுவட்டாரத்தில் எந்தச் சமயத்தவர் வந்தாலும் செய்து கொடுக்கட்டும். கபீஸா (ரலி) அவர்களின் ஹதீஸில் அறிவுடையோர் மூவர் சாட்சி சொல்ல முன்வருவதாக வருகிறதே, அந்த மூவரின் இடம் இன்று ஜமாஅத்துக்குரியது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் ஒரு சொல். இமாமையும் முஅத்தினையும், அஸருக்கு வேலை என்றும் மஃரிபுக்கு வேலை இல்லை என்றும் அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 2009இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியத்தை அரசு அமைத்தது. அதில் அவர்களைப் பதிந்து வைப்பதும், நீக்க நேர்ந்தால் சில மாத ஊதியம் தந்து கண்ணியமாக அனுப்புவதும் நம் கடமை. மிம்பரில் தொழிலாளியின் உரிமையைப் பேசச் சொல்லிவிட்டு, பேசியவரின் உரிமையை வாசலில் மிதிக்கலாகாது.

அரசையும் கேட்போம்

உரிமையை வாங்குங்கள் என்று சொல்வதால், கிடைப்பதே போதும் என்று பொருளாகாது. பிரிட்டனில் 1911ஆம் ஆண்டிலேயே வேலையிழப்பு ஈட்டுறுதிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அது இன்றும் நீட்டிப்பு உத்தரவுகளைத் தொங்கிக்கொண்டிருக்கும் திட்டம். நாற்பதாண்டு உழைப்பவனுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறை என்பது என்ன கணக்கு? நோக்கியா மூடியபோது வேலை இழந்தவன் மற்றோர் ஆலையில் சேர்ந்து, அதுவும் மூடினால் என்ன செய்வான்? ஆட்டோ ஓட்டுபவருக்கும், வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், வீடுதோறும் உணவு கொண்டுசெல்லும் இளைஞனுக்கும் வேலை போனால் எந்தக் கதவு திறந்திருக்கிறது? இக்கேள்விகளைக் கேட்கும் தகுதி, உள்ள உரிமையைக் கேட்டுப் பழகிய சமுதாயத்துக்கே வரும். விண்ணப்பங்கள் குவிந்தால்தான் தேவை எவ்வளவு என்று அரசின் கணக்கில் ஏறும். கேட்காதவர்களின் துயரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சமுதாயப் பெரியவர்களே! வேலை இழந்து வீட்டில் அமர்ந்திருக்கும் இளைஞன் ஏற்கெனவே ஆயிரம் பார்வைகளுக்குக் கூசிக்கொண்டிருக்கிறான். அவன் கையிலிருக்கும் விண்ணப்பத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்காதீர்கள். அவனோடு கிளை அலுவலகம் வரை சென்று வாருங்கள். தாய்மார்களே! வளையலைக் கழற்றுமுன் மகனின் ஈட்டுறுதி அட்டை எங்கே என்று தேடுங்கள். முதலாளிகளே! அடுத்த ரமளானின் ஜகாத் கணக்கை எழுதுமுன், பதிவேட்டில் விட்டுப்போன பெயர்களை எழுதுங்கள்.

பிறர் ஹக்கைப் பறிக்காமலும், நம் ஹக்கை இழக்காமலும் வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.